இலையைத் திருப்பிப் பாருங்க: காய்கறிச் செடியில பூச்சியை வாராவாரம் எண்ணுறது எப்படி

தோட்டத்துக்கு தினமும்தான் போறேன், ஒரு பூச்சியும் கண்ணுல படல, திடீர்னு ஒரே ராத்திரியில வந்து மொத்தத்தையும் தின்னுட்டுப் போயிருச்சுன்னு சொல்றவங்க நிறைய பேர். நானும் அப்படிப் புலம்பினவன்தான். ஆனா வெட்டுக்கிளிக் கூட்டத்தை விட்டுட்டா அப்படி ஒரே ராத்திரியில வர்ற பூச்சி கம்மி. தக்காளியில வர்ற பச்சைக் காய்ப்புழுவையே எடுத்துக்கோங்க, முட்டை பொரிக்க மூணு நாலு நாள், அப்புறம் நம்ம கண்ணுக்கு 'புழு'ன்னு தெரியுற சைஸுக்கு வர்றதுக்கு கிட்டத்தட்ட ஒரு வாரம், ஆக நீங்க திடீர்னு பாத்த புழு பத்து நாளா அந்தச் செடியிலதான் குடியிருந்துச்சு. நாமதான் மேலாப்புல பாத்துட்டு நடந்து போயிட்டோம்.

அதனால இங்க சொல்லப்போறது மருந்து பத்தி இல்ல. பாக்குறது, எண்ணுறது, எழுதுறது, இந்த மூணு மட்டும்தான். பாக்குறது எல்லாருமே பண்றாங்க, எண்ணுறதும் எழுதுறதும்தான் விட்டுப்போகுது.

பெரிய சாமான் எதுவும் தேவையில்ல. பத்து மடங்கு பெருசாக் காட்டுற ஒரு கைலென்ஸ் (இதுக்கு மட்டும் கஞ்சத்தனம் பாக்காதீங்க), ஒரு வெள்ளை அட்டை, சின்ன நோட்டு, பென்சில். பேனா வேணாம், காலைப் பனியில நனைஞ்ச கையோட எழுதினா மை ஊறி சாயங்காலம் நமக்கே படிக்க வராது. சந்தேகமான புழுவைப் போட்டு வைக்க மூடி போட்ட ரெண்டு டப்பா, அடையாளத்துக்கு நட்டு வைக்க துணி கட்டின நாலஞ்சு குச்சி. இன்னொண்ணு, மஞ்சள் சட்டை போட்டுட்டுப் போகாதீங்க, காமெடிக்கு சொல்லல, செடிச் சாறு உறிஞ்சுற அசுவினியும் வெள்ளை ஈயும் மஞ்சள் நிறத்தைத் தேடி வர்ற ஜாதி, நீங்களே ஒரு நடமாடும் ஒட்டுப்பொறி ஆயிடுவீங்க.

காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போங்க, அப்போ பூச்சி மந்தமா இருக்கும், இலையைத் திருப்பினாலும் சட்டுனு பறக்காது. மதியம் போய்ட்டு வெள்ளை ஈயை எண்ண முடியலன்னு சொன்னா எப்படி, அது அந்நேரம் தொட்ட உடனே கிளம்பிரும். முக்கியமா ஒவ்வொரு வாரமும் அதே நேரம் போகணும், ஒரு வாரம் காலையில எண்ணி அடுத்த வாரம் மதியம் எண்ணினா ரெண்டு நம்பரையும் பக்கத்துல வச்சுப் பேச முடியாது. சாதாரணமா வாரத்துக்கு ஒரு தடவை போதும், நாத்து சின்னதா இருக்கும்போதும் பூ எடுத்ததுக்கு அப்புறமும் ரெண்டு தடவை. வெயில் காஞ்சு வறண்டு கிடக்குற நாள்லயும் ரெண்டு தடவை வச்சுக்கோங்க, சூடு கூடக் கூட பூச்சியோட வாழ்க்கைச் சுற்று வேகமா ஓடும், குளிர்ல ஒரு மாசத்துக்கு மேல எடுத்துக்கிற வெள்ளை ஈ வெயில்ல மூணு வாரத்துலயே முட்டையில இருந்து ஈயா ஆயிடும்.

எந்தச் செடியைப் பாக்குறது

இதுலதான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. வயலுக்குள்ள போனதும் கண்ணு நேரா வாடின செடி, ஓட்டை விழுந்த இலை இதுக்குத்தான் போகும். அந்தச் செடிகளை மட்டும் எண்ணினா தோட்டமே போச்சுன்னு தோணும், அதைத் தவிர்த்துட்டு நல்ல செடியாப் பாத்தா ஒண்ணுமே இல்லன்னு தோணும், ரெண்டுமே பொய். அதனால செடியை கண்ணு தேர்ந்தெடுக்கக் கூடாது, காலு தேர்ந்தெடுக்கணும். ஒரு மூலையில உள்ள போய் வளைஞ்சு வளைஞ்சு எதிர் மூலைக்குப் போங்க, பதினஞ்சு அடிக்கு ஒரு தடவை நின்னு இடது காலுக்குப் பக்கத்துல எந்தச் செடி இருக்கோ அதைப் பாருங்க, பிடிச்சாலும் சரி பிடிக்காட்டியும் சரி. இப்படி 20 செடி. ஒவ்வொண்ணுலயும் மேல ஒரு இலை, நடுவுல ஒண்ணு, கீழ ஒண்ணு, மொத்தம் 60 இலை, கை பழகிட்டா அரைமணி நேரம் முக்கா மணி நேரத்துல முடிஞ்சிரும். அடுத்த வாரம் வேற மூலையில இருந்து ஆரம்பிங்க.

வரப்போரம் ரெண்டு வரிசையை இந்த 20-ல சேக்காதீங்க, அதைத் தனியா ஒரு அஞ்சு செடி பாத்து தனியா எழுதுங்க. வெளியில இருந்து பறந்து வர்றது முதல்ல ஓரத்துலதான் இறங்கும், களை மண்டிக் கிடக்குற பக்கமும் பழைய பயிர் நிக்கிற பக்கமும்தான் மொதல்ல காட்டிக் கொடுக்கும். ஓரத்துல நிறைய இருந்து நடுவுல இல்லன்னா அது நல்ல சேதி, இப்பதான் வந்திருக்கு, முழு வயலையும் தொடாம ஓரத்தோட நிறுத்தலாம். மாடியில பத்திருபது தொட்டிதான் வச்சிருக்கேன்னு சொல்றவங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேணாம், எல்லாச் செடியையும் பாத்துருங்க.

நோட்டுல கதை எழுத வேணாம். 'வெள்ளை ஈ கொஞ்சம் இருக்கு'ன்னு எழுதினா ரெண்டு வாரம் கழிச்சு அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? இப்படி எழுதுங்க: கத்தரி, நட்டு 26-ம் நாள், 60 இலை, வெள்ளை ஈ 42, தத்துப்பூச்சி 15, அசுவினி இருந்த செடி 20-க்கு 3, வாடின குருத்து 2, பொறிவண்டு 6, நேத்து மழை. அசுவினியைத் தலைதலையா எண்ணுறது நடக்காத காரியம், எத்தனை செடியில இருக்குன்னு எண்ணினா போதும். வெள்ளை ஈ 42-ஐ 60-ஆல வகுத்தா இலைக்கு 0.7. அடுத்த வாரம் அது 66 ஆனா இலைக்கு 1.1, ஏறுது. 30-க்கு வந்தா 0.5, இறங்குது. இந்த ஏறுது இறங்குதுங்கிற ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவு மெனக்கெடுறோம், ஒரு வாரத்து நம்பரைத் தனியா வச்சுக்கிட்டு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது.

நாத்துல இருந்து காய் வரைக்கும்

நாத்தங்கால்லயே ஆரம்பிக்கணும். நாத்து வெளியில இருந்து வாங்குறீங்கன்னா நடுறதுக்கு முன்னாடி இலையோட அடிப்பக்கத்தைப் பாருங்க, வெள்ளை ஈயோட குஞ்சு நகராம செதில் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், நடந்து பறக்குறதை மட்டும் தேடுனா இது தப்பிச்சிரும். தக்காளியில இலைச்சுருட்டு வைரஸ், வெண்டையில மஞ்சள் நரம்பு நோய் ரெண்டையும் பரப்புறது இதே வெள்ளை ஈதான், அதுலயும் செடி சின்னதா இருக்கும்போது வைரஸ் ஏறினா அந்தச் செடி தேறாது. அதனால இந்தப் பருவத்துல மட்டும் 'கம்மியாத்தானே இருக்கு'ங்கிற பேச்சுக்கே இடமில்ல. நெருக்கமான நைலான் வலைக்குள்ள நாத்து விடுறதே இதுக்காகத்தான்.

நட்ட முதல் வாரத்துல காலையில போனா சில நாத்து தரையோட அறுத்துப் போட்ட மாதிரி சாஞ்சு கிடக்கும். எலி, நாய்னு பழி போடாதீங்க, தண்டைச் சுத்தி ரெண்டு விரக்கடை ஆழத்துக்கு மண்ணைக் கிளறுங்க, பழுப்பா கருப்பா ஒரு புழு சுருண்டு கிடந்தா அது வெட்டுப்புழு. ராத்திரி வேலை பாத்துட்டு பகல்ல மண்ணுக்குள்ள தூங்குற ஆசாமி, அதை இலையில தேடி என்ன பிரயோஜனம். பூசணி, வெள்ளரி மாதிரி கொடிகள்ல முதல் ரெண்டு இலை விட்டதும் சிவப்பு வண்டு வந்து சல்லடை ஆக்கும், கொடி ஓடிட்டா இந்த வண்டை அது தாங்கிக்கும், அதனால முதல் ரெண்டு மூணு வாரம் உஷாரா இருந்தா போதும்.

செடி தழைக்கிற பருவம் சாறு உறிஞ்சுறவங்க காலம். மிளகாயில இலை சுருளுறதைப் பாத்ததும் எல்லாரும் 'சுருட்டை'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க, ஆனா எந்தப் பக்கம் சுருளுதுன்னு பாருங்க. ஓரம் மேல்நோக்கி மடங்கி படகு மாதிரி இருந்தா பெரும்பாலும் இலைப்பேன், ஓரம் கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டு போன மாதிரி இருந்தா மஞ்சள் சிலந்திப்பேன். சிலந்திப்பேன் பூச்சியே கிடையாது, எட்டுக்கால் ஜாதி, பூச்சிக்கு அடிக்கிற மருந்து பலது அதைத் தொடக்கூடத் தொடாது. கவிழ்த்த படகா நிமிந்த படகான்னு பாக்காம அடிச்ச மருந்து எவ்வளவு வீணாப் போயிருக்குன்னு நினைச்சா வயிறு எரியும்.

இலைப்பேனை இலையில உக்காந்து தேடாதீங்க, கண்ணு வலிக்கும். வெள்ளை அட்டையை நுனிக்குருத்துக்கு அடியில பிடிச்சு, குருத்தை விரலால நாலு தட்டு தட்டுங்க, பூ இருந்தா பூவையும். அட்டையில தூசி விழும், மகரந்தம் விழும், ஒண்ணுமே இல்ல போலன்னு தோணும், அவசரப்படாம பத்து நொடி சும்மா பாருங்க. அந்தத் தூசியில ஒண்ணு ரெண்டு நகர ஆரம்பிக்கும், வெளிறின மஞ்சள்ல, கமா போட்ட மாதிரி மெலிசா, அட்டை ஓரத்தைப் பாத்து ஓடும். அதுதான். லென்ஸை வச்சுப் பாத்தா வாலைத் தூக்கிக்கிட்டு ஓடுறதுகூடத் தெரியும். எத்தனை ஓடுதுன்னு எண்ணி எழுதிட்டு அட்டையைத் துடைச்சிட்டு அடுத்த செடிக்குப் போங்க.

தத்துப்பூச்சிக்கு வெண்டையும் கத்தரியும் பிடிக்கும், இலையைத் திருப்பினா இளம்பச்சையில ஆப்பு மாதிரி உடம்போட நண்டு கணக்கா பக்கவாட்டுல நடக்கும், அந்த நடையை ஒரு தடவை பாத்தவங்க மறக்க மாட்டாங்க. இலை ஓரம் மஞ்சளாகி கருகி மேல சுருளுறது அது போட்ட கையெழுத்து. உரம் பத்தலன்னு யூரியா போட்டீங்கன்னா இன்னும் கொண்டாட்டமா பெருகும். அசுவினியைக் கண்டுபிடிக்க எறும்பைப் பின்தொடர்ந்தா போதும், தண்டுல எறும்பு வரிசையா ஏறி இறங்குதுன்னா மேல எங்கயோ அசுவினியோ மாவுப்பூச்சியோ இனிப்பா கசிய விட்டுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

முட்டைக்கோசு, காலிஃபிளவர்ல வைரமுதுகு அந்துப்பூச்சியோட புழு, இலையோட மேல்தோலை மட்டும் விட்டுட்டு அடியில சுரண்டும், வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிச்சா சின்னச் சின்ன கண்ணாடி ஜன்னல் மாதிரி தெரியும். புழுவைத் தொட்டா துள்ளித் துடிச்சு ஒரு நூலைப் பிடிச்சுக்கிட்டு கீழ தொங்கும். கோசு உருண்டை கட்டுறதுக்கு முன்னாடி நடுக்குருத்தை விரலால விரிச்சு கண்டிப்பாப் பாக்கணும், வெளி இலையில பத்து ஓட்டை இருந்தாலும் பரவாயில்ல, நடுக்குருத்து போச்சுன்னா கோசே கட்டாது.

பூ விட்டாச்சுன்னா பார்வையை மாத்திக்கணும், இனிமே இலையைவிட குருத்து, மொட்டு, பிஞ்சு. கத்தரியில நல்லா நிக்கிற செடியில ஒரே ஒரு நுனி மட்டும் வெந்த கீரை மாதிரி தலை தொங்கும், தண்ணி பத்தலன்னா செடி மொத்தமா வாடும், ஒரு நுனி மட்டும் வாடாது. அந்த நுனியை வாடின இடத்துக்கு ஒரு விரல் நீளம் கீழ கிள்ளி நகத்தால நீளவாக்குல பிளந்து பாருங்க, உள்ள குழலா குடைஞ்சு, கழிவு அடைஞ்சு, அதுக்குள்ள ரோஸ் கலர்ல ஒரு புழு இருக்கும். அதுதான் தண்டு காய்த்துளைப்பான். இன்னைக்குக் குருத்துல இருக்கிறதோட வாரிசு அடுத்து காய்க்குள்ள போகும், அதனால வாடின குருத்தை எண்ணிட்டு அப்படியே விட்டுட்டு வராதீங்க, கிள்ளி பையில போட்டு வெளிய கொண்டுபோய் எரிச்சிடுங்க, கண்காணிப்பும் ஆச்சு வைத்தியமும் ஆச்சு. வரப்புல தூக்கிப் போட்டீங்கன்னா புழு அங்கயே கூடு கட்டி அந்துப்பூச்சியாத் திரும்பி வரும்.

தக்காளியில பச்சைக் காய்ப்புழுவோட முட்டையை, பூங்கொத்துக்குப் பக்கத்துல இருக்கிற மேல் இலைகள்ல தேடுங்க, ஒத்தை ஒத்தையா, குண்டூசித் தலையை விடச் சின்னதா, வெளிர் மஞ்சள்ல, லென்ஸ்ல பாத்தா மேல இருந்து கீழ கோடு கோடா இருக்கும். முட்டையிலயோ குட்டிப் புழுவாவோ பிடிச்சாத்தான் உண்டு, காய்க்குள்ள தலையை விட்டுட்டா மருந்து போய்ச் சேராது. புரோடீனியா புழு இதுக்கு நேர் எதிர், நூத்துக்கணக்குல முட்டையைக் குவிச்சு வச்சு மேல பழுப்பு ரோமத்தால மூடிட்டுப் போகும், பொரிச்ச குஞ்செல்லாம் ஒரே இலையில கூட்டமா சுரண்டி இலையை வலை மாதிரி ஆக்கும். அந்த ஒரு இலையைக் கிள்ளினா நூறு இருநூறு புழு போச்சு, நாலு நாள் விட்டா தோட்டம் முழுக்கப் பிரிஞ்சிரும். தக்காளி இலையில பாம்பு நெளியுற மாதிரி கோடு இருந்தா இலைத்துளைப்பான் ஈ, அடி இலையில கொஞ்சம் இருந்தா கண்டுக்க வேணாம். ஆனா கோடா இல்லாம திட்டுத்திட்டா உள்ள காலியாகி பழுப்பா இருந்து, காய்லயும் ஊசி குத்தின மாதிரி ஓட்டை இருந்தா அது ஊசிப்புழு, தென் அமெரிக்காவுல இருந்து 2006 வாக்குல ஸ்பெயினுக்குள்ள வந்து அங்க இருந்து கண்டம் கண்டமாப் பரவினது, அதை லேசா எடுத்துக்காதீங்க.

கொடிக்காய்ல பழ ஈ. பிஞ்சுல ஒரு சின்னக் குத்து, அதுல பிசின் துளி, காய் ஒரு பக்கமா கோணும். கீழ விழுந்த காயை அறுத்துப் பாத்துட்டு எழுதுங்க. இதுல முட்டையே காய்த்தோலுக்கு உள்ளதான் போடுறதால செடியைப் பாத்து முன்கூட்டியே கண்டுபிடிக்க வழியில்ல, பொறி வச்சுத்தான் ஆகணும்.

பொறி வச்சா மட்டும் போதாது

1959-ல ஜெர்மனியில பூட்டனான்ட்னு ஒரு வேதியியல்காரர் அஞ்சு லட்சம் பட்டுப்பூச்சியைச் சேத்து, பெண் பூச்சி ஆணைக் கூப்பிட விடுற வாசனையை முதன்முதலா பிரிச்சு எடுத்தார், இன்னைக்கு நாம தொங்க விடுற இனக்கவர்ச்சிப் பொறி எல்லாம் அந்த வழியில வந்ததுதான். ஒரு பூச்சிக்கு ஒரு வாசனை, கத்தரித் துளைப்பானுக்கு வாங்குன லூர்ல (பொறிக்குள்ள வைக்கிற அந்த வாசனைக் குப்பிதான் லூர்) தக்காளிக் காய்ப்புழு வராது. வர்றதும் ஆண் மட்டும்தான், அதனால பொறியில விழுந்ததால தோட்டத்துல பூச்சி குறைஞ்சிருச்சுன்னு நினைக்காதீங்க, அது கடிகார அலாரம் மாதிரி, எழுப்பி மட்டும்தான் விடும். பூச்சி விழ ஆரம்பிச்ச அன்னைல இருந்து முட்டை தேடுற வேலையைத் தீவிரமாக்கணும். பயிருக்கு ஒரு அடி மேல இருக்கிற மாதிரி கட்டுங்க, செடி வளர வளர ஏத்துங்க. லூரை மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை மாத்தணும், மாத்தின தேதியைப் பொறி மேலயே எழுதிடுங்க, பழசைத் தோட்டத்துல போடாதீங்க.

ஒரு சீசன்ல நான் ஒரே கையால கத்தரி லூரையும் தக்காளி லூரையும் அடுத்தடுத்து மாத்திட்டு, பொறியில வந்த குழப்பமான நம்பரை வச்சுக்கிட்டு ரெண்டு வாரம் மண்டையைப் பிச்சுக்கிட்டேன். விரல்ல ஒட்டின வாசனையே போதும் அடுத்த பொறியைக் கெடுக்க, ஒவ்வொண்ணுக்கும் வேற கையுறை போடுங்க.

மஞ்சள் ஒட்டுப்பொறி வெள்ளை ஈ, அசுவினி, தத்துப்பூச்சிக்கு, நீலம் இலைப்பேனுக்கு. பயிரோட நுனி உயரத்துலயே நிக்கணும். வாராவாரம் எண்ணி எழுதிட்டு, தூசி படிஞ்சா அட்டையை மாத்திடுங்க, பசை காஞ்ச அட்டையில பூச்சி இல்லன்னா பூச்சி இல்லன்னு அர்த்தம் கிடையாது. பழ ஈக்கு கொடிக்காய்னா கியூ லூர். மாம்பழத்துக்கு வைக்கிற மீத்தைல் யூஜினால்ல பூசணியைக் கெடுக்குற ஈ வராது, இதை மாத்தி வச்சுட்டு பொறி வேலை செய்யலன்னு திட்டுறவங்க ஏராளம்.

நம்ம ஆளு யாரு

கெட்ட பூச்சியைத் தின்னு நமக்கு உதவுறவங்களும் தோட்டத்துல உண்டு. பொறிவண்டு, அதோட முதலை மாதிரி இருக்கிற குஞ்சு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, சிலந்தி, அசுவினிக் கூட்டத்துக்கு நடுவுல நெளியுற மிதவை ஈயோட புழு, எல்லாத்தையும் எண்ணி அதே பக்கத்துல எழுதுங்க. அசுவினிக்கு நடுவுல உப்பிப்போய் பழுப்பு நிறத்துல அசையாம சில உருண்டை இருக்கும், அதெல்லாம் குட்டிக் குளவி உள்ள முட்டை வச்ச செத்த அசுவினி, அது கூடிக்கிட்டே போனா ஒரு வாரம் கையைக் கட்டிக்கிட்டு இருங்க. கத்தரி இலையைச் சுரண்டுற புள்ளி வண்டும் பாக்க பொறிவண்டு மாதிரியே இருக்கும், அதை நம்ம ஆளுன்னு கொஞ்சுறவங்களும் உண்டு, பொறிவண்டை அதுன்னு நசுக்குறவங்களும் உண்டு. புள்ளி வண்டு மேல மெல்லிய ரோமம் இருக்கிறதால மங்கலா இருக்கும், பொறிவண்டு எண்ணெய் தேச்ச மாதிரி பளபளன்னு இருக்கும். புள்ளி வண்டோட குஞ்சு மஞ்சளா முள்ளு முள்ளா இருக்கும்.

எப்போ இறங்குறது? பூச்சி இருக்குன்னாலே மருந்துன்னு கிடையாது. அதே 1959-ல ஸ்டெர்ன்னு ஒரு பூச்சி ஆராய்ச்சிக்காரரும் அவரோட சேந்த மூணு பேரும் கலிபோர்னியாவுல இருந்து எழுதினாங்க, பூச்சி பண்ணப்போற நஷ்டம் அதைத் தடுக்குற செலவைத் தாண்டுறதுக்கு முன்னாடி ஒரு அளவு இருக்கு, அந்த அளவு வந்தாத்தான் கை வைக்கணும்னு. பொருளாதார சேத நிலைன்னு சொல்றது அதைத்தான். அந்த அளவு பயிருக்குப் பயிர், பருவத்துக்குப் பருவம் மாறும், உங்க பக்கத்து வேளாண் ஆளுங்ககிட்ட உங்க பயிருக்கு என்னன்னு கேட்டு நோட்டோட முதல் பக்கத்துல எழுதி வைங்க. அளவுக்குக் கீழ இருந்து ஏறிக்கிட்டு வந்தா, அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்காம மூணு நாள்ல மறுபடி எண்ணுங்க. அளவை ஒட்டி இருந்தாலும் நல்ல பூச்சி கூடி கெட்டது இறங்கினா விட்டுடுங்க.

மருந்து அடிச்சா எண்ணுறதை நிறுத்திராதீங்க, அப்பதான் எண்ணவே வேணும். அடிக்கிறதுக்கு முந்தின நாள் ஒரு தடவை, அடிச்சு மூணாம் நாள் ஒரு தடவை, ஏழாம் நாள் ஒரு தடவை. ஒரு மூலையில நாலு செடியை அடிக்காம விட்டு வச்சு அதையும் எண்ணுங்க, மழையால குறைஞ்சுதா மருந்தால குறைஞ்சுதான்னு அதுதான் சொல்லும். மூணாம் நாள் நம்பர் இறங்கவே இல்லன்னா, இலை அடியில மருந்து படலையா, கலக்குன அளவு தப்பான்னு முதல்ல பாருங்க, அதெல்லாம் சரியா இருந்தா பூச்சி பழகிருச்சு, அதையே இன்னும் கெட்டியாக் கலக்கி அடிக்காதீங்க. வைரமுதுகு அந்துப்பூச்சி டிடிடி-ங்கிற பூச்சி மருந்துக்கு அசராம நிக்குதுன்னு 1953-லயே ஜாவாவுல எழுதி வச்சிட்டாங்க, அதுக்கு அப்புறம் வந்த எத்தனையோ மருந்தை அது முழுங்கி ஏப்பம் விட்டாச்சு.

கடைசிப் பறிப்பு முடிஞ்சதும் நோட்டை மூடத் தோணும். இன்னும் ஒரே ஒரு ரவுண்டு போங்க. நிக்கிற கத்தரித் தண்டு, குத்துக்குச்சி, பந்தல் கயிறு இடுக்கு, செடிக்கு அடியில ஒரு சாண் மண்ணு, எல்லாத்துலயும் கூட்டுப்புழு இருக்கான்னு பாத்து எழுதுங்க, விழுந்த காய், காஞ்ச செடி எல்லாத்தையும் பக்கத்துல அடுத்த பயிர் வைக்கிறதுக்கு முன்னாடி அப்புறப்படுத்துங்க. அப்புறம் உக்காந்து ஒவ்வொரு பூச்சியும் முதன்முதலா எந்த வாரம், வயலோட எந்தப் பக்கத்துல வந்துச்சுன்னு மட்டும் பின்னட்டையில தனியா எடுத்து எழுதிக்கோங்க, அடுத்த தடவை அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அந்தப் பக்கம் பொறியைக் கட்டிடலாம்.